மலையகத்திலிருந்து மெட்டீரியல்ஸ் துறைக்கு: படிப்பு, பத்திரம், செலவு, வேலை

உயர்தரம் எழுதி முடித்த கையோடு, "மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங் படிக்கப் போகிறேன்" என்று வீட்டில் சொன்னேன். அப்பா பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் பகுதியில் வேலை செய்தவர். "பொருளியலா? பேங்க் வேலைக்குத்தானே அது?" என்றார். அவர் மேல் பிழையில்லை. தமிழில் பொருளியல் என்றால் எகனாமிக்ஸ்தான். திரவிய விஞ்ஞானம், பொருள் விஞ்ஞானம் என்று எழுத்தில் பார்த்திருக்கிறேன். பேச்சில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கெம்பஸில் எல்லோருக்கும் அது வெறும் ‘மெட்டீரியல்ஸ்’. நானும் அப்படியே எழுதுகிறேன்.

பெயர் தெரியாத துறைக்கு வழி கேட்பதே கஷ்டம். நான் அலைந்ததில் ஒரு முழு வருடம் சும்மா போனது. புள்ளி போதாமல் போகவில்லை. கடதாசி சரியில்லாமலும் கடிதம் பிந்தியும் போனது. இப்போது ஓர் இறப்பர் தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை. தோட்டத்திலிருந்து இந்தப் பக்கம் வர நினைக்கும் தம்பி தங்கச்சிமார் அந்த ஒரு வருடத்தை இழக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. முதலில், இது என்ன வேலை என்று பாருங்கள்

தேயிலைத் தொழிற்சாலைக்குள் ஒரு நாள் நின்று பார்த்தாலே போதும். கொழுந்தை வெட்டிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. ரோலரின் பற்கள் கொழுந்தை வெட்டி வெட்டி மழுங்கிவிடும். கழற்றித் தீட்ட வேண்டும். அந்தப் பல் ஏன் தேய்கிறது, எந்த உருக்கில் செய்தால் மெதுவாகத் தேயும், தேய்ந்த துகள் தேயிலைக்குள் போனால் என்ன ஆகும், பழைய இரும்புத் தகட்டைக் கழற்றிவிட்டு ஏன் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடச் சொல்கிறார்கள்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர்தான் மெட்டீரியல்ஸ் ஆள். லக்சபான, கொத்மலைப் பக்கத்து மின்நிலையங்களிலும் இதே கதைதான். தண்ணீரோடு வரும் மணலும், தண்ணீருக்குள் உண்டாகி உடையும் குமிழிகளும் டர்பைன் இறகைக் குழி குழியாக அரித்துவிடும். அதை வெல்டிங் போட்டு நிரப்பலாமா, எந்த வெல்டிங் கம்பி என்று முடிவெடுக்க உலோகம் தெரிந்த ஒருவர் வேண்டும்.

உலோகம், பீங்கான் வகை, இறப்பர் பிளாஸ்டிக் என்ற பொலிமர் வகை, இவற்றைச் சேர்த்துச் செய்யும் கலவைப் பொருட்கள்: படிப்பில் இந்த நான்கும் வரும். ஆனால் இலங்கையில் வேலை இந்த நான்கிலும் சமமாக இல்லை. என் கணிப்பில் இறப்பரும் பிளாஸ்டிக்கும்தான் முன்னால் நிற்கின்றன. திண்ம டயர், கையுறை என்று ஏற்றுமதிக்குச் செய்யும் தொழிற்சாலைகள் பியகம, ஹொரண, களுத்துறைப் பக்கம் நிறைய. அப்புறம் பீங்கானும் டைலும். நமக்குப் பக்கத்தில் மாத்தளையில் நொரிடாகே போர்சலின் இருக்கிறது. பீங்கானுக்கு வேண்டிய பெல்ட்ஸ்பார் கல்லும் மாத்தளை மாவட்டத்தில் வெட்டப்படுகிறது. கேபிள், உருக்கு, சீமெந்து, ஆடைத் துணி ஆகியவற்றிலும் இடம் உண்டு. போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் காரீயம் (பென்சிலுக்குள் இருக்கும் கிரபைட்), புல்மோட்டையில் கனிய மணல்.

நனோ, நனோ என்று கனவோடு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹோமாகம பிட்டிபனையில் ஸ்லின்டெக் என்ற நனோதொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் இருக்கிறது, கண்டி ஹந்தானை வீதியில் அடிப்படைக் கற்கைகள் தேசிய நிறுவனம் இருக்கிறது. இரண்டிலும் நல்ல ஆராய்ச்சி நடக்கிறது. ஆனால் கதிரைகள் கொஞ்சம். அதை மட்டும் நம்பி வராதீர்கள்.

2. பத்திரங்களை உயர்தரத்துக்கு முன்பே நேராக்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் இதை வாசியுங்கள்.

எங்கள் அப்பா பெயர் பெருமாள். என் பிறப்புச் சான்றிதழில் அது சிங்களத்தில் எழுதப்பட்டு ஓர் எழுத்து மாறிவிட்டது. அப்பாவின் அடையாள அட்டையில் வேறு எழுத்து. தோட்டத்துச் செக்ரோலில் (வேலைப் பதிவேட்டில்) மூன்றாவது எழுத்து. வீட்டில் இது யாருக்கும் பிரச்சினையாகத் தெரியவில்லை, சம்பளம் ஒழுங்காக வந்தது. உதவித்தொகைக்குப் படிவம் நிரப்பும்போதுதான் "இது மூன்று ஆளா?" என்று கேட்டார்கள்.

செய்ய வேண்டியவை இவை:

- உங்கள் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரண தரச் சான்றிதழ் மூன்றையும் மேசையில் வைத்து, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். முதலெழுத்து, பிறந்த திகதி, தகப்பன் பெயர் மூன்றும் பொருந்த வேண்டும்.
- பிழை இருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் கிளைக்குப் போங்கள். திருத்தத்துக்கு மாதக்கணக்கில் ஆகலாம். கட்டணம் பெரிதல்ல, ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ நாலு தரம் போய்வரும் பஸ் காசும், அந்த நாட்களில் அம்மா அப்பா இழக்கும் நாள் சம்பளமும்தான் உண்மையான செலவு. அதனால் ஒரே பயணத்தில் எல்லாப் பத்திரத்தையும் கொண்டு போங்கள். போகும் முன் என்னென்ன வேண்டும் என்று போன் பண்ணிக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.
- திருத்தம் முடியும்வரை, இரண்டு பெயரும் ஒரே ஆளையே குறிக்கும் என்று ஒரு சத்தியக் கடதாசி சமாதான நீதவானிடம் எடுத்து வையுங்கள். எல்லா இடத்திலும் ஏற்பார்கள் என்றில்லை, ஆனாலும் கையில் இருக்கட்டும்.
- சான்றிதழ் சிங்களத்தில் மட்டும் இருந்தால், ஆங்கில மொழிபெயர்ப்பைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம்தான் செய்ய வேண்டும். கடையில் டைப் அடித்துத் தருவது செல்லாது. அப்படி ஒன்றுக்கு நான் காசு கொடுத்து ஏமாந்திருக்கிறேன்.
- அம்மா அப்பாவின் சம்பளத் துண்டுகளை எறியாதீர்கள். வருமானச் சான்றிதழுக்குக் கிராம சேவகர் கேட்கும் முதல் கடதாசி அதுதான்.

எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, போனில் படமும் எடுத்து வையுங்கள். லயத்துக் கூரை எப்போது ஒழுகும் என்று யாருக்குத் தெரியும்.

3. கடிதம் எந்த முகவரிக்கு வரும்?

நான் முதல் தடவை உயர்தரம் எழுதிய பின் ஒரு டிப்ளோமாவுக்கும் விண்ணப்பித்திருந்தேன். நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்தது. தோட்ட ஆபீசுக்கு வந்தது. அங்கே ஒரு தகரப் பெட்டிக்குள் பதினொரு நாள் கிடந்தது. கையில் கிடைத்தபோது நேர்முகம் முடிந்து மூன்று நாள். ஆபீசில் இருந்தவர், "நீ வந்து கேட்டிருக்கலாமே" என்றார்.

அதனால், தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் மட்டும் முகவரியாகக் கொடுக்காதீர்கள். டவுனில் கடை வைத்திருக்கும் மாமா, பாடசாலை அதிபர், தெரிந்த ஆசிரியர் என்று யாருடைய முகவரிக்குத் தபால்காரர் நேரே போகிறாரோ, அவரிடம் கேட்டு அதைத் தபால் முகவரியாகக் கொடுங்கள். நிரந்தர முகவரி மட்டும் உங்களுடைய உண்மையான முகவரியாகவே இருக்கட்டும். அதை மாற்றினால் பல்கலைக்கழக அனுமதியின் மாவட்டக் கணக்கில் சிக்கல் வரும். ஒரே போன் நம்பரை, ஒரே மின்னஞ்சலை எல்லா விண்ணப்பத்திலும் போடுங்கள். சிம்மை மாற்றாதீர்கள். அக்காவின் நம்பரைக் கொடுத்து, அக்கா கல்யாணமாகிப் போய்விட்ட கதையும் எனக்குத் தெரியும்.

4. வாசல்கள்: எதற்கும் ‘மெட்டீரியல்ஸ்’ என்று பலகை இல்லை

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங் என்று தேடி, கிடைக்காமல் கைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அது அங்கே அந்தப் பெயரில் இருக்காது.

நேரான வாசல் மொரட்டுவைப் பல்கலைக்கழகம். அங்கேதான் இதற்கென்று தனித் துறையும் நான்கு வருட இன்ஜினியரிங் பட்டமும் இருக்கின்றன. ஆனால் நீங்கள் விண்ணப்பிப்பது ‘பொறியியல், மொரட்டுவை’ என்ற பொது நுழைவுக்கு. உள்ளே போன பிறகு, ஆரம்பப் புள்ளிகளையும் உங்கள் விருப்ப வரிசையையும் வைத்துத்தான் துறை பிரிப்பார்கள். கம்பியூட்டருக்கும் எலக்ட்ரோனிக்சுக்கும்தான் அடிபிடி. மெட்டீரியல்சை விரும்பி முதலாவதாகப் போடுபவர்கள் குறைவு. எங்கள் பிரிவில் பாதிப்பேர் முதல் மாதம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தார்கள். விரும்பி வருபவருக்கு அது ஒரு வகையில் வசதி.

பேராதனையில் தனி மெட்டீரியல்ஸ் பட்டம் இல்லை. ஆனால் அங்கே மெக்கானிக்கல் அல்லது கெமிக்கல் படித்து இந்த வேலைக்கு வந்தவர்கள் என் தொழிற்சாலையிலேயே இருக்கிறார்கள். கண்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீட்டுக்கு அருகில் என்ற லாபமும் உண்டு. பதுளை, பண்டாரவளைப் பிள்ளைகள் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தின் கனிய வளங்களும் தொழில்நுட்பமும் என்ற பட்டத்தைக் கவனியுங்கள். சுரங்கம், காரீயம், பீங்கான் மூலப்பொருள் பக்கம் போக அது நல்ல வழி.

புள்ளி கொஞ்சம் குறைந்தால் உலகம் முடிந்துவிடாது. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப நிறுவகம் ஹோமாகம தியகமவில் இருக்கிறது. அங்கே நடக்கும் தேசிய தொழில்நுட்ப டிப்ளோமாவில் பொலிமர் தொழில்நுட்பம் ஒரு பிரிவு. மூன்று வருடம், அதில் ஒரு வருடம் தொழிற்சாலைப் பயிற்சி. இறப்பர் கம்பனிகளில் இந்த டிப்ளோமாவுக்கு நல்ல மதிப்பு. கவனிக்க வேண்டியது ஒன்று: இதற்கு மானியங்கள் ஆணைக்குழு விண்ணப்பம் செல்லாது. தனியாக விளம்பரம் வரும், தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதும் சேர்ந்திருக்கும் என்று நினைத்து ஏமாறுபவர்கள் வருடாவருடம் இருக்கிறார்கள்.

உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு படித்தவர்களுக்குத் தொழில்நுட்பப் பீடங்கள் இருக்கின்றன. ஜயவர்தனபுரவில் மெட்டீரியல்ஸ் சார்ந்த துறையே உண்டு. ஆனால் தொழில்நுட்பப் பட்டமும் இன்ஜினியரிங் பட்டமும் ஒன்றல்ல. வெளிநாட்டில் இன்ஜினியர் என்று பதியப் போகும்போது அந்த வித்தியாசம் முன்னால் வந்து நிற்கும். சேரும்போதே தெரிந்துகொண்டு சேருங்கள்.

விஞ்ஞான பீடத்தில் இரசாயனவியலோ பௌதிகவியலோ படித்துவிட்டு, பொலிமர் அல்லது மெட்டீரியல்ஸ் முதுமாணி செய்வது இன்னொரு வழி. வேலை செய்துகொண்டே வார இறுதியில் படிக்கலாம். காசு நீங்கள்தான் கட்ட வேண்டும்.

உயர்தரத்தில் சரிவராதவர்கள் வெல்டிங், மெஷினிங் பக்கம் என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமைத் தரத்தோடு தொடங்கலாம். தொழில்நுட்பக் கல்லூரிகள், தொழிற்பயிற்சி அதிகாரசபை, மொரட்டுவையில் ஜேர்மன் டெக் என்று இடங்கள் உண்டு. நல்ல வெல்டருக்கு இருக்கும் கிராக்கி சில பட்டதாரிகளுக்கு இல்லை. இதை நான் சும்மா சொல்லவில்லை.

5. விண்ணப்பமும் மாவட்டக் கணக்கும்

இன்ஜினியரிங்குக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். முடிவு வந்து, கைநூல் வெளிவந்து, இணையத்தில் விண்ணப்பம் திறக்கும். திறந்திருக்கும் காலம் சில வாரம்தான். 2024 உயர்தரம் நவம்பரில் தொடங்கி, முடிவு 2025 ஏப்ரல் கடைசியில் வந்தது. அதற்குப் பிறகும் வெட்டுப்புள்ளி (தெரிவாக வேண்டிய ஆகக் குறைந்த புள்ளி) வர மாதங்கள் ஆகும், கெம்பஸ் தொடங்க இன்னும் மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் என்ன செய்வது என்று 7-ம் படியில் சொல்கிறேன்.

இசட் புள்ளியில் (வெவ்வேறு பாடப் புள்ளிகளை ஒப்பிடும்படி மாற்றிய புள்ளி) இடம் பங்கிடும் கணக்கு இது: 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை வரிசை, 55 வீதம் மாவட்ட மக்கள்தொகைப்படி, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. நுவரெலியா, பதுளை, மொனராகலை, இரத்தினபுரி அந்த 16-க்குள் வருகின்றன. கண்டி, மாத்தளை, கேகாலை வராது.

இங்கேதான் பெரிய பொறி இருக்கிறது. நல்ல டியூஷன் என்று உயர்தரத்துக்குக் கண்டியிலோ கொழும்பிலோ பாடசாலை மாறுகிறார்கள். உங்கள் மாவட்டத்தை முடிவு செய்வதில், கடைசி மூன்று வருடம் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தீர்கள் என்பது முக்கியம். மாறினால் வதிவிடத்தை நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழும். மாறுவதற்கு முன் கைநூலில் அந்தப் பகுதியை ஆசிரியர் ஒருவரோடு உட்கார்ந்து வரி வரியாக வாசியுங்கள். முடிந்தால் பாடசாலையை மாற்றாமல் விடுமுறையில் மட்டும் வகுப்புக்குப் போய் வாருங்கள்.

விருப்ப வரிசையில் உண்மையாகவே எது வேண்டுமோ அதை மேலே போடுங்கள். "எனக்கு இது கிடைக்காது" என்று நீங்களே வெட்டிவிடாதீர்கள். வெட்டுவது வெட்டுப்புள்ளியின் வேலை. மேலே உள்ளது கிடைத்தால் கீழே உள்ளதைப் பார்க்க மாட்டார்கள். அதனால் விருப்பமில்லாத ஒன்றை யாரோ சொன்னார் என்று மேலே ஏற்றிவிடவும் வேண்டாம். ஒரு கற்கைக்குப் பதிந்துவிட்டு, அடுத்த வருடம் வேறு ஒன்றுக்கு வருவேன் என்று நினைப்பதும் நடக்காத காரியம்.

அச்செடுத்த படிவத்தில் கையொப்பம், அதிபர் அத்தாட்சி எல்லாம் சரிபார்த்து, கைநூல் சொல்கிறபடி அனுப்புங்கள். பதிவுத் தபால் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். மழை நாளில் எங்கள் பக்கம் கரண்டும் போகும், சிக்னலும் போகும், ரோட்டில் மண்ணும் சரியும்.

6. பணம்

அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் இல்லை. இதை வீட்டில் உரக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் நகையை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார்கள். பதிவுக் கட்டணமாக ஒரு சிறு தொகைதான்.

செலவு சாப்பாட்டிலும் தங்குமிடத்திலும் போகிறது. மகாபொல உதவித்தொகை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆக உயர்ந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஒரு வேளைச் சாப்பாடு 250 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நாளைக்கு 750. பத்து நாளில் காசு முடிந்தது. மீதி இருபது நாளுக்கு வேறு வழி வேண்டும். அதோடு முதல் தவணை கைக்கு வரப் பல மாதம் பிந்தும். அதுவரைக்குமான சாப்பாட்டுக் காசைக் கையில் வைத்துக்கொண்டுதான் ரயில் ஏற வேண்டும்.

விடுதிக்கு முதல் நாளே விண்ணப்பியுங்கள். தூரமும் வருமானமும் பார்த்துக் கொடுப்பார்கள், ஹட்டன், பதுளைப் பிள்ளைகளுக்குக் கிடைக்க வாய்ப்பு அதிகம். கிடைக்காவிட்டால் போர்டிங், மூன்று மாத முற்பணம் கேட்பார்கள், எழுத்தில் வாங்காமல் கொடுக்காதீர்கள். மகாபொல கிடைக்காதவர்களுக்குப் பர்சரி என்ற உதவி உண்டு. வருமானச் சான்றிதழ் ஒழுங்காக இருந்தால்தான் இரண்டும்.

விலையுயர்ந்த லேப்டொப் முதல் வருடம் தேவையில்லை. பழையது ஒன்று போதும்.

7. காத்திருக்கும் மாதங்களில் ஆங்கிலம்

விரிவுரை முழுக்க ஆங்கிலம். தமிழில் பௌதிகம் படித்து ‘இழுவிசை’ என்று மனப்பாடமாக வைத்திருப்பவருக்கு அங்கே ‘டென்சைல்’ என்று காதில் விழும். விஷயம் தெரியும், சொல் தெரியாது. முதல் மூன்று வாரம் எனக்கு அப்படித்தான் போனது. துறை பிரிப்பது அந்த ஆரம்பப் புள்ளிகளை வைத்து என்பதால், இந்தத் தடுமாற்றத்துக்கு விலை உண்டு.

அதனால் முடிவுக்குக் காத்திருக்கும் மாதங்களில், உங்கள் உயர்தரப் பௌதிக, இரசாயனப் புத்தகத்தின் ஆங்கிலப் பிரதியை இரவல் வாங்கி, தெரிந்த பாடத்தையே ஆங்கிலத்தில் மறுபடி வாசியுங்கள். ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்புக்குப் போவதை விட இது உதவும் என்பது என் அனுபவம்.

சிங்களமும் வேண்டும். பேச வந்தால் போதாது. தொழிற்சாலையில் ஷிப்ட் மாறும்போது எழுதும் குறிப்பு பல இடங்களில் சிங்களத்தில்தான் இருக்கும். வாசிக்கப் பழகுங்கள்.

8. தொழிற்பயிற்சியைச் சும்மா கழிக்காதீர்கள்

நாலு வருடத்துக்குள் ஆறு மாதம் அளவில் தொழிற்பயிற்சி வரும். இடத்தைத் தெரிந்தெடுக்கும்போது வீட்டுக்குக் கிட்ட, வேலை குறைவு என்று பார்க்காதீர்கள். பரிசோதனைக்கூடமும் உற்பத்தித் தளமும் இரண்டும் உள்ள இடமாகத் தேடுங்கள்.

என் பயிற்சியின் இரண்டாவது வாரம். இறப்பர்த் தகட்டிலிருந்து டம்பெல் வடிவில் துண்டு வெட்டி, இயந்திரத்தில் மாட்டி, நிமிடத்துக்கு 500 மில்லிமீற்றர் வேகத்தில் இழுக்க வேண்டும். ஐந்து துண்டு இழுத்தேன். நாலு துண்டு வர வேண்டிய பலத்தில் பாதியிலேயே அறுந்தன. கலவை பிழை என்று எழுதிக்கொண்டு போனேன். மேற்பார்வையாளர் ஒரு சிங்கள அண்ணன், அறுந்த துண்டுகளை மேசையில் வரிசையாக அடுக்கினார். நாலும் ஒரே இடத்தில் அறுந்திருந்தன. "கலவையை ஏசாதே, கத்தியைப் பார்" என்றார். வெட்டும் அச்சின் விளிம்பில் மயிரளவு ஒரு கீறல். அது ஒவ்வொரு துண்டிலும் சின்னக் காயத்தைப் போட்டு, அங்கிருந்தே கிழியத் தொடங்கியிருக்கிறது. அந்த அரை மணி நேரத்தில் படித்தது ஒரு செமஸ்டருக்குச் சமம்.

பயிற்சி நாட்குறிப்பை அன்றன்றே எழுதுங்கள், வாரம் ஒரு தரம் கையொப்பம் வாங்குங்கள். கடைசியில் சேர்த்து எழுதினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

9. வேலை தேடும்போது எந்தப் பெயரில் தேடுவது

இங்கேயும் பலகை இல்லை. ‘மெட்டீரியல்ஸ் இன்ஜினியர்’ என்று தேடினால் விளம்பரம் மிகக் குறைவு. புரொசஸ் இன்ஜினியர், குவாலிட்டி எக்சிகியூட்டிவ், ஆர் அன்ட் டி, கொம்பவுண்ட் டெவலப்மென்ட், டெக்னிக்கல் எக்சிகியூட்டிவ் என்று தேடுங்கள். அரச பக்கம் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம், பொருட்களின் தரநியமங்களைப் பார்க்கும் கட்டளைகள் நிறுவனம் போன்றவற்றின் வெற்றிடங்கள் வர்த்தமானியிலும் பத்திரிகையிலும் வரும். அடிக்கடி வராது, வந்தால் விடாதீர்கள்.

நியமனக் கடிதத்தில் பார்க்க வேண்டியவை: டிரெய்னி காலம் எத்தனை மாதம், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு. ஊழியர் சேமலாப நிதிக்கு (இ.பி.எப்.) உங்களிடமிருந்து 8 வீதம், கம்பனியிடமிருந்து 12 வீதம். அதற்கு மேல் நம்பிக்கை நிதிக்குக் கம்பனி 3 வீதம். அடிப்படையைக் குறைத்து அலவன்ஸைக் கூட்டிக் கொடுத்தால், கையில் வரும் தொகை நன்றாக இருக்கும், சேமலாபம் மெலிந்துவிடும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இ.பி.எப். என்றால் என்ன என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்ஜினியரிங் பட்டம் பெற்றவர்கள் 2017-ம் ஆண்டின் 4-ம் இலக்கச் சட்டப்படி இலங்கைப் பொறியியல் பேரவையில் பதிய வேண்டும். பொறியியலாளர் நிறுவனத்தில் மாணவராக இருக்கும்போதே சேர்ந்துகொண்டால் பின்னால் சார்ட்டர்ட் (பட்டயப் பொறியியலாளர்) ஆகும் பாதை சுலபம்.

10. என்.டி.டி. என்ற இரட்டைப் பெயர்

இது பலரைக் குழப்புகிறது. மேலே சொன்ன தேசிய தொழில்நுட்ப டிப்ளோமாவும் என்.டி.டி.; பொருளை உடைக்காமல் உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை முறையும் என்.டி.டி. இரண்டுக்கும் தொடர்பில்லை. வளைகுடா நாட்டு வேலை விளம்பரத்தில் வருவது இரண்டாவது. வெல்டிங் மூட்டு, குழாய், தாங்கி ஆகியவற்றை அல்ட்ராசொனிக், ரேடியோகிராபி, சாயம் போன்ற முறைகளால் பார்ப்பது.

இலங்கையில் இதற்கான பயிற்சியை அணுசக்திச் சபையின் தேசிய நிலையம் நடத்துகிறது. தரம் 1, 2, 3 என்று ஐ.எஸ்.ஓ. 9712 நியமப்படி போகும். கையில் தரம் 2 இருந்தால்தான் முடிவை நீங்களே வாசித்துச் சொல்ல முடியும். சம்பளமும் அங்கிருந்துதான் ஏறும். காசு கட்டுவதற்கு முன் இரண்டு விஷயம். ஒன்று, கண். கிட்டப் பார்வையும் நிறம் பிரித்தறியும் சக்தியும் சோதிப்பார்கள். முதலில் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். இரண்டு, வகுப்பு முடித்த சான்றிதழ் வேறு, தரச் சான்றிதழ் வேறு. இரண்டாவதற்குப் பரீட்சையோடு தகுதியுள்ள ஒருவரின் கீழ் வேலை செய்த அனுபவமும் காட்ட வேண்டும். வகுப்புச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு ஏஜென்சிக்குக் காசு கட்டியவர்களை எனக்குத் தெரியும். வெளிநாட்டு வேலைக்குப் போவதென்றால் ஏஜென்சியின் உரிம இலக்கத்தை வேலைவாய்ப்புப் பணியகத்தில் கேட்டுச் சரிபார்த்துவிட்டுத்தான் கடவுச்சீட்டைக் கொடுக்க வேண்டும்.

11. மேற்படிப்பும் குடியேற்றமும்

அமெரிக்காவில் கலாநிதிப் படிப்புக்கு மெட்டீரியல்ஸ் துறைகள் பலவற்றில் உதவித்தொகையோடு இடம் கிடைக்கும். பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் விண்ணப்பம் முடியும், அதனால் பரிந்துரைக் கடிதத்தை ஓகஸ்டிலேயே பேராசிரியரிடம் கேளுங்கள். அவுஸ்திரேலியாவின் தொழில் பட்டியலில் மெட்டீரியல்ஸ் இன்ஜினியர் என்பது 233112 என்ற இலக்கத்தில் தனித் தொழிலாகவே இருக்கிறது. இன்ஜினியரிங் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கை 2014-ல் முழு உறுப்பினரானதால், அங்கீகாரம் பெற்ற இன்ஜினியரிங் பட்டத்தை மதிப்பிடுவது இலகு. உங்கள் பட்டமும் நீங்கள் முடித்த வருடமும் அந்த அங்கீகாரப் பட்டியலில் இருக்கின்றனவா என்று பொறியியலாளர் நிறுவனத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டமளிப்புக்கு முன் ஒரு படிவம் தருவார்கள், சான்றிதழில் பெயர் எப்படி அச்சாக வேண்டும் என்று கேட்டு. எல்லோரும் அதை அவசரமாக நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போட்டோ எடுக்கப் போய்விடுகிறார்கள். நான் கடவுச்சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அப்பாவின் பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதினேன். அப்புறம் பின்னால் இருந்த நண்பனிடம் கொடுத்து இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன்.